வன்னியில இருந்து பல்சமய டிவினிற்றி ஸ்கூலுக்குப் போற தம்பி தங்கச்சியளுக்கு

போன மாசம் கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டில ஒரு தங்கச்சி வந்து "அக்கா, நீங்கள்தானே அமெரிக்காவில சமயம் படிச்சனீங்கள், எனக்கும் அப்பிடிப் படிக்க விருப்பம், எங்கயிருந்து தொடங்கிறது" எண்டு கேட்டா. முல்லைத்தீவு பஸ் வெளிக்கிட்டிட்டுது, நான் ஓடிப்போய் ஏறவேண்டியதாப் போச்சு, அவவின்ர நம்பரும் வாங்கேல்ல. அவவுக்கும், அவவைப்போல கேக்க நினைச்சும் கேக்காமல் இருக்கிற எல்லாருக்கும் சேத்து இதை எழுதுறன். நான் ஹார்வர்ட் யூனிவசிற்றியின்ர டிவினிற்றி ஸ்கூலில, அதாவது சமயங்களைப் படிக்கிற பள்ளியில, மூண்டு வருசம் படிச்சு எம்டிவ் எண்ட முதுகலைப் பட்டம் முடிச்சிட்டு வந்தனான். போகேக்க இதொண்டும் எனக்குச் சொல்ல ஆளில்லை.

முதல்ல, இது என்ன பள்ளிக்கூடம்

டிவினிற்றி ஸ்கூல் எண்ட உடன எங்கட சனம் கேக்கிறது "ஃபாதரா வரப்போறியோ பாஸ்ரரா வரப்போறியோ" எண்டுதான். என்ர அம்மா பிள்ளை வேதத்துக்கு, அதுதான் கிறிஸ்தவத்துக்கு, மாறப்போறாள் எண்டு நினைச்சு ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்ல. அதால அப்ளிகேஷன் போட முதல் வீட்டு ஆக்களுக்கு இதை இருத்தி வைச்சு விளங்கப்படுத்துங்கோ, இதுதான் உண்மையில முதல் அலுவல்.

அந்தப் பள்ளிக்கூடம் 1816ல தொடங்கினது. கிறிஸ்தவப் போதகர்மாரைப் பயிற்றத்தான் தொடங்கினவை, ஆனா எந்த ஒரு சபைக்கும் கீழ்ப்பட்டு இருக்கிறேல்ல எண்டு அப்பவே வைச்சுக்கொண்டவை. 1838 யூலை 15ல எமேர்சன் எண்ட அமெரிக்க எழுத்தாளர் அங்க டிவினிற்றி ஹோலில இருக்கிற சின்னச் சாப்பலில படிப்பு முடிச்சுப் போற ஆக்களுக்கு முன்னால பேசினவர், அற்புதங்களையும் இயேசு எண்ட ஆளையும் மட்டும் பிடிச்சுக்கொண்டிராமல் கடவுளை உங்கட உள்ளுக்க நேராத் தேடுங்கோ எண்ட மாதிரி. அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட 30 வருசம் அவரை ஹார்வர்டுக்குப் பேசக் கூப்பிடேல்ல. அந்தச் சாப்பல் இப்பவும் இருக்கு, போனால் ஒருக்கா உள்ளுக்க போய் இருந்து பாருங்கோ, சரியான சின்ன இடம். பெம்பிளையளைப் படிக்க எடுத்தது 1955லதான். 1960ல பக்கத்தில உலக சமயங்களுக்கான ஆய்வு மையம் எண்டு ஒண்டு கட்டி, வேற வேற சமயத்து ஆய்வாளர்மார் குடும்பத்தோட ஒரே வளவில குடியிருக்கிற மாதிரிச் செய்தவை. 1964ல அதுக்குத் தலைவரா வந்த வில்ஃபிரட் கான்ற்வெல் ஸ்மித் சொன்ன ஒரு விசயத்தை நீங்கள் கொப்பியில முதல் பக்கத்தில எழுதி வைக்கலாம்: நீ ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லுறதை அந்தச் சமயத்து ஆக்களே கேட்டிட்டு "ஓம், இது நாங்கள்தான்" எண்டு சொல்லவேணும், இல்லையெண்டால் நீ சொன்னது சரியில்லை.

இப்ப அங்க சைவ ஆக்கள், வைணவ ஆக்கள், பிக்குமார், முஸ்லிம்கள், யூதர், சீக்கியர், எல்லா வகைக் கிறிஸ்தவர், ஒரு சமயமும் இல்லாத ஆக்கள் எல்லாரும் ஒரே வகுப்பில. மாறச்சொல்லி ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

முக்கியமான படிப்பு ரெண்டு. எம்டிஎஸ் எண்டது ரெண்டு வருசம், ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்புற ஆக்களுக்கு, பிறகு பிஎச்டி செய்யலாம். எம்டிவ் மூண்டு வருசம், அது ஆஸ்பத்திரி, சிறை, பாடசாலை, சமூகவேலை எண்டு ஆக்களோட நிண்டு வேலைசெய்யிறதுக்கு. இதைத் தவிர சமயமும் பொதுவாழ்வும் எண்டு ஒரு வருசப் படிப்பும் இருந்தது, அது ஏற்கெனவே ஏதாவது தொழிலில கனகாலம் இருந்த ஆக்களுக்குத்தான் பொருந்தும். சிக்காகோ யூனிவசிற்றியிலயும் நியூயோர்க்கில யூனியன் எண்ட இறையியல் கல்லூரியிலயும் இதைப்போல பல்சமயப் படிப்பு இருக்கு, ஒண்டுக்கு மட்டும் போட்டிட்டு இருக்காதேங்கோ.

கடுதாசி அலுவல்

இளங்கலைப் பட்டம் ஒண்டு இருக்கவேணும். அது சமயப் பட்டமா இருக்கவேணும் எண்டில்லை. யாழ்ப்பாணக் கம்பஸில இந்து நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் செய்தவைக்கு ஒரு கை முந்தித்தான், ஆனா என்னோட படிச்சவையில நேர்ஸ், வக்கீல், சங்கீதக்காரர் எல்லாம் இருந்தவை. பிரச்சினை வேற இடத்தில இருக்கு. ஏ எல்லும் தமிழில, பட்டமும் தமிழ் மீடியத்தில செய்தால் டோஃபல் மாதிரி ஒரு ஆங்கிலப் பரீட்சை எடுக்கவேணும், அது பரவாயில்லை படிச்சு எடுக்கலாம், அதைவிடப் பெரிய விசயம் அங்க போனால் ஒரு கிழமைக்கு நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில வாசிக்கவேணும் எண்டது. இதுக்கு ஒரு வருசம் முதலே நாளைக்கு 10 பக்கம் எண்டு சமயம் சம்பந்தமான ஆங்கிலக் கட்டுரையை வாசிச்சு, ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்லுது எண்டு பக்கத்தில தமிழில ஒரு வரி எழுதிப் பழகுங்கோ. நான் இதைச் செய்யாமல் போய் முதல் செமஸ்டர் முழுக்க விடிய மூண்டு மணிக்குத்தான் படுத்தனான்.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு கஷ்டம், 2009ல பதிவு, சேர்டிபிக்கற் எல்லாம் பதுங்குகுழியோட போனது. பிறப்புச் சேர்டிபிக்கற் கொப்பியைப் பிரதேச செயலகத்தில எடுக்கலாம், ஓ எல் ஏ எல் ரிசல்ட் பரீட்சைத் திணைக்களத்தில எடுக்கலாம், தமிழில இருக்கிறதுக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட ஆங்கிலம் எடுங்கோ. ஒவ்வொண்டுக்கும் ஒரு மாசம் எண்டு கணக்கு வையுங்கோ. எனக்கு ஒரு அலுவலகத்தில பேரில ஒரு எழுத்துப் பிழையா அடிச்சுத் தந்ததை நான் வாசலிலயே நிண்டு பார்க்கேல்ல, பிறகு அதைத் திருத்த நாலு தரம் லீவு போட்டுப் போனன். கையில தந்த உடன அந்த இடத்திலயே ஒவ்வொரு எழுத்தா வாசியுங்கோ, பாஸ்போட்டில இருக்கிற ஸ்பெல்லிங் எல்லாத்திலயும் ஒரேமாதிரி இருக்கோணும்.

சிபாரிசுக் கடிதம் மூண்டு. பெரிய பதவியில இருக்கிற ஆளைத் தேடிப் போகாதேங்கோ, உங்களை உண்மையாத் தெரிஞ்ச ஆளிட்டக் கேளுங்கோ. என்ர கடிதத்தில ஒண்டு நான் வேலைசெய்த முன்பள்ளித் திட்டத்துக்குப் பொறுப்பா இருந்த சிஸ்ரர் எழுதினது.

அந்த ரெண்டு பக்கம்

எல்லாத்திலயும் முக்கியம் நீங்கள் ஏன் படிக்கவேணும் எண்டு எழுதுற ஸ்ரேற்மென்ட். இதில கொஞ்சம் நிண்டு சொல்லுறன்.

நான் முதல் எழுதினது பதி பசு பாசம் எண்டு தொடங்கி ஏ எல் நோட்ஸில இருந்த சைவசித்தாந்தம் முழுக்க. எனக்குப் படிப்பிச்ச சேர் ஒருத்தர் வாசிச்சிட்டு "இதில நீ எங்கயம்மா இருக்கிறாய்" எண்டு கேட்டார். அவ்வளவுதான் கேட்டவர். நான் அண்டு பின்னேரம் முழுக்க யோசிச்சன். என்ர சமயம் அந்த நோட்ஸில இல்லை. வைகாசியில சிலாவத்தையில கடல்தண்ணி எடுத்துக்கொண்டு வந்து காட்டாவிநாயகர் கோயிலில அந்த உப்புத்தண்ணியில விளக்கெரிக்கிறதை சின்னனில அப்பப்பாவின்ர தோளில இருந்து பாத்தது, பிறகு அந்த விளக்கோட வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு நடந்தது, அது என்ர சமயம். ஏ9 ஆல போகேக்க முறிகண்டியில பஸ் நிப்பாட்டி வேதக்காரரும் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினது என்ர சமயம். எங்கட சின்னம்மா கலியாணம் கட்டி வேதத்துக்குப் போனவ, ஒவ்வொரு ஆவணித் திருநாளுக்கும் அம்மா அவவோட மடு மாதா கோயிலுக்குப் போவா, 90களில சனம் ஆயிரக்கணக்கில மடு வளவில அகதியாக் கிடக்கேக்க எங்கட வீட்டு ஆக்களும் மாதாவின்ர மரத்துக்குக் கீழதான் அடுப்பு மூட்டிச் சமைச்சவை. இதைத்தான் ரெண்டாம் தரம் எழுதினன், இதிலயிருந்து எனக்கு வாற கேள்வி என்ன எண்டும் எழுதினன்: செத்த ஆளின்ர உடம்பு கிடைக்காத குடும்பத்துக்கு சமயம் என்ன சடங்கு வைச்சிருக்குது? செத்தவைக்குச் செய்யிற 31ம் நாள் சடங்கைச் செய்யிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் இருக்கிற அம்மாவுக்கு யார் பதில் சொல்லுறது?

அதால நான் சொல்லுறது, உங்கட ஊர்ச் சமயத்தை பாடப்புத்தகச் சமயத்தால மூடாதேங்கோ. புத்தகத்தில உள்ளதை அங்க இருக்கிற பேராசிரியர்மார் உங்களைவிடக் கனக்க வாசிச்சிருப்பினம், அங்க பிரான்சிஸ் குளூனி எண்டு ஒரு யேசுசபைக் குருவானவர் நம்மாழ்வாரின்ர திருவாய்மொழியைத் தமிழில வாசிச்சு வருசக்கணக்கா ஆராய்ச்சி செய்தவர். ஆனா சிலாவத்தைக் கடல்தண்ணி விளக்கு அவையளிட்ட இல்லை, உங்களிட்டத்தான் இருக்கு.

காசும் விசாவும்

கட்டணத்தைப் பாத்திட்டு மூடி வைக்காதேங்கோ. படிப்புக் கட்டணத்துக்கு உதவி வசதியைப் பொறுத்துத்தான் குடுக்கினம், வெளிநாட்டு மாணவரும் கேக்கலாம், அதுக்கு வேற ஒரு படிவம் வேற ஒரு திகதி, அதைத் தவறவிட்டால் அனுமதி கிடைச்சும் போக ஏலாது. சாப்பாடு, வீட்டு வாடகைக்குத்தான் இழுபடும், பொஸ்டன் பக்கம் வாடகை சரியான கூட, ரெண்டு மூண்டு பேராச் சேந்து அறை எடுங்கோ. எஃப்-1 விசாவில படிக்கிற காலத்தில கம்பஸுக்குள்ள கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், நான் லைப்ரரியில நிண்டனான்.

அனுமதி வந்தபிறகு பள்ளிக்கூடம் ஐ-20 எண்ட படிவம் அனுப்பும், அதை வைச்சு செவிஸ் எண்ட வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர் கட்டி, டிஎஸ்-160 எண்ட விசா விண்ணப்பம் நிரப்பி, கொழும்பு எம்பஸியில நேர்முகத்துக்கு நாள் எடுக்கவேணும். இரவு பஸ்ஸில போய் விடிய இறங்கி நேர போகாதேங்கோ, முதல்நாளே போய் சொந்தக்காரர் வீட்டில படுத்தெழும்பிப் போங்கோ. கேள்விக்குச் சுருக்கமா நேராப் பதில் சொல்லுங்கோ. சமயம் படிச்சு என்ன செய்வாய் எண்டு கட்டாயம் கேப்பினம், அதுக்கு ரெண்டு வசனத்தில பதில் வைச்சிருங்கோ.

போய் இறங்கினபிறகு

லோகன் எயர்ப்போட்டில இருந்து சில்வர் லைன் பஸ் இலவசம், அது சவுத் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய் விடும், அங்க ரெட் லைன் ரெயில் மாறி ஹார்வர்ட் எண்ட ஸ்ரேசனில இறங்கினால் பள்ளிக்கூடம் இருக்கிற பிரான்சிஸ் அவனியூவுக்கு நடந்து போகலாம். குளிர் உடுப்பை இங்க வாங்காதேங்கோ, இங்க விக்கிறது அந்தக் குளிருக்குத் தாங்காது, அங்க போய் பழசு விக்கிற கடையில கோட்டும் சப்பாத்தும் வாங்குங்கோ. அரிசி பருப்பு மரக்கறிக்கு சமர்வில்லில மார்க்கெட் பாஸ்கெட். கோயில் எண்டால் ஆஷ்லாண்டில லக்ஷ்மி கோயில் இருக்கு, கொம்யூட்டர் ரெயிலில ஆஷ்லாண்ட் மட்டும் போகலாம், பண்டிகை நாளில கார் வைச்சிருக்கிற பெடியள் கூட்டிக்கொண்டு போவினம். வீட்டோட நேர வித்தியாசம் வெயில் காலத்தில ஒன்பதரை மணித்தியாலம், குளிர் காலத்தில பத்தரை. அம்மாவுக்கு எடுக்கிற நேரத்தை முதல் கிழமையே தீர்மானிச்சு வையுங்கோ, இல்லையெண்டால் அவ இரவிரவா ஃபோனைப் பாத்துக்கொண்டு இருப்பா.

வகுப்பில

வகுப்பு வட்டமா இருக்கும். முதல்நாள் எல்லாரும் பேரும் எந்த மரபு எண்டும் சொல்லவேணும். "இந்து" எண்டு சொன்னால் உடன காசி, கீதை, யோகா எண்டு கதை போகும். நான் ஒரு மாசம் அதுக்குத் தலையாட்டிக்கொண்டு இருந்தன். பிறகு ஒருநாள் "நான் வன்னியில ஒரு கண்ணகி கோயில் பக்கத்தில வளந்த சைவப் பிள்ளை" எண்டு சொல்லத் தொடங்கினன், அதுக்குப் பிறகுதான் உண்மையான கதை தொடங்கிச்சுது. கண்ணகி எப்பிடித் தெய்வமானா எண்டு எனக்கு அரைமணித்தியாலம் விடாமல் கேட்டவை.

ஒரு சமயம் முழுக்க உங்கட தலையில எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. யாராவது "இந்துக்கள் இதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள்" எண்டு கேட்டால், எங்கட வீட்டில இப்பிடி, எங்கட ஊரில இப்பிடி, சாத்திரத்தில இப்பிடி எண்டு மூண்டாப் பிரிச்சுச் சொல்லிப் பழகுங்கோ. தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லுறது அங்க மரியாதையான பதில்.

இன்னொண்டு. எங்கட ஊரில எல்லாச் சமயமும் ஒற்றுமை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருக்காதேங்கோ. ஒரு முஸ்லிம் தோழி என்னைக் கேட்டவ, உங்கட பக்கத்தில முஸ்லிம் சனம் இருக்கினமோ எண்டு. "இருந்தவை" எண்டு சொன்னன், சொல்லிப்போட்டு மேல கதைக்க ஏலாமல் போச்சு. 1990 ஒக்ரோபரில புலிகள் வடக்கில இருந்த முஸ்லிம் சனத்தை முழுக்க வெளியேற்றினதை நாங்கள் வீட்டில சத்தமாக் கதைச்சதே இல்லை. அண்டைக்குத்தான் நான் அதை முழுசா என்ர வாயால சொன்னன், அவ கேட்டுக்கொண்டு இருந்தவ. எங்கட கோயிலுகளில யாரை எதுவரைக்கும் விட்டவை எண்டதும் அப்பிடித்தான். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கோ, உங்கட ஆக்கள் செய்ததையும் சொல்லுங்கோ.

பிறகு காவி உடுப்பு. இதை எழுதாமல் விட்டால் நான் உங்களுக்குப் பொய் சொன்ன மாதிரி. வன்னிப் பிள்ளைக்கு ஒரு பிக்குவோட ஒரு மேசையில இருக்கிறது லேசான விசயம் இல்லை, அந்த உடுப்போட சேத்து எங்களுக்கு வேற நினைவுகள் இருக்கு. என்ர வகுப்பில தென்பகுதியில இருந்து வந்த ஒரு பிக்கு இருந்தவர். முதல் ரெண்டு மாசம் நான் கதவுக்குக் கிட்ட இருந்திட்டு முடிஞ்ச உடன எழும்பிப் போயிடுவன். இதை என்ர ஆலோசகரிட்டச் சொன்னன், அவ என்னைக் கட்டாயப்படுத்தேல்ல, "நீ தயாராகும்வரைக்கும் தூர இருக்க உனக்கு உரிமை இருக்கு" எண்டு மட்டும் சொன்னவ. பிறகு ஒருநாள் பதினொண்டரைக்கு வகுப்பு இழுபட்டது, பிக்குமார் மத்தியானம் 12 மணிக்குப் பிறகு சாப்பிடுறேல்ல எண்டு எனக்குத் தெரியும், அவர் நேரத்தைப் பாத்துக்கொண்டிருந்ததைக் கண்டிட்டு என்னட்ட இருந்த சோத்துப் பெட்டியைக் குடுத்தன். அவர் அதைக் கையில வாங்கினவர், வாங்கிப்போட்டு தமிழில "நன்றி தங்கச்சி" எண்டார். அதுக்குப் பிறகு கதைச்சம். எல்லாத்திலயும் ஒத்துப்போகேல்ல, மே மாசம் வந்தால் அவருக்கு ஒரு நினைவு எனக்கு ஒரு நினைவு, ஆனா நான் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சின அண்டு அவர் வந்து கடைசியில நிண்டவர். உங்களுக்கு இப்பிடித்தான் நடக்கும் எண்டில்லை, நடக்கவேணும் எண்டும் இல்லை. அவசரப்படாதேங்கோ, ஆனா ஆலோசகரிட்ட மறைக்காதேங்கோ.

புதன்கிழமை மத்தியானம்

கிழமைக்கு ஒருக்கா, புதன் மத்தியானத்தில நூன் சேர்விஸ் எண்டு ஒண்டு நடக்கும். ஒவ்வொரு கிழமையும் ஒரு சமயக் குழு தங்கட முறையில வழிபாடு வைக்கும், மற்றவை எல்லாரும் வந்து இருப்பினம். குவேக்கர் எண்ட கிறிஸ்தவர் வைச்சால் ஒரு சத்தமும் இல்லாமல் கனநேரம் இருக்கவேணும், சீக்கியர் வைச்சால் தலையை மூடவேணும். மார்கழியில எல்லாச் சமயத்து விளக்குகளையும் சேத்து ஒரு விழா வைக்கிறவை. போங்கோ, முதல் வருசம் ஒண்டையும் தவறவிடாதேங்கோ. வகுப்பில படிக்கிறதைவிட அங்க பாக்கிறதுதான் மனசில நிக்கும்.

போகேக்க சில ஒழுங்கு. கத்தோலிக்கப் பூசையில நற்கருணை அவைக்கு மட்டும்தான், வரிசையில போனாலும் கையை நெஞ்சில குறுக்காக் கட்டினால் ஆசீர்வாதம் மட்டும் தருவினம், மடுவுக்குப் போய்ப் பழகினவைக்கு இது தெரியும். சில புரட்டஸ்தாந்த சபையள் எல்லாரையும் வரச்சொல்லிக் கூப்பிடும், அப்பவும் உங்கட மனசுக்குச் சரியெண்டால் மட்டும் போங்கோ, இருந்த இடத்திலயே இருந்தாலும் ஒருத்தரும் குறை நினைக்காயினம். தொழுகைக்குப் போனால் தொழுகிற ஆளுக்கு முன்னால குறுக்க நடக்காதேங்கோ. யூதத் தோழியள் வெள்ளி பொழுதுபட்டதில இருந்து சனி இருட்டும்வரைக்கும் சிலர் ஃபோன் எடுக்கமாட்டினம், குறூப் அசைன்மென்ட் மெசேஜ் அந்த நேரத்தில அனுப்பிப்போட்டு பதில் வரேல்ல எண்டு கோவிக்காதேங்கோ.

ஒருநாள் உங்களையும் வைக்கச்சொல்லிக் கேப்பினம். நாங்கள் மூண்டு பேர் சேந்து வைச்சனாங்கள், ஒருத்தி குஜராத்தி, ஒருத்தர் வங்காளம், நான். கற்பூரம் கொளுத்தவேணும் எண்டால் கட்டிடப் பொறுப்பாளரிட்ட முதல் கிழமையே கேளுங்கோ, தீ அலாரம் அடிச்சால் முழுக் கட்டிடமும் வெளியில வரவேணும். நாங்கள் குத்துவிளக்கு ஏத்தி, தேவாரம் ஒண்டு பாடி, அவை ஒரு பஜன் பாடி, கடைசியில பொங்கல் குடுத்தம். பொங்கலில கஜு போட்டால், நெய் போட்டால், ஒரு துண்டில என்னென்ன போட்டது எண்டு எழுதி முன்னால வையுங்கோ, கச்சான் கஜு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டுற ஆக்கள் அங்க கனபேர், பால் சாமான் தொடாத ஆக்களும் இருக்கினம். தேவாரத்தின்ர கருத்தையும் ஒரு பேப்பரில குடுங்கோ. "மாசில் வீணையும் மாலை மதியமும்" பாடினனான். அப்பரை நீற்றறைக்குள்ள, சுண்ணாம்புச் சூளைக்குள்ள, போட்டு அடைச்சபோது பாடினது எண்டு நான் சொன்னவுடன ஒரு கறுப்பின அம்மா, அவ பாப்டிஸ்ற் போதகர், தங்கட வேதத்திலயும் எரியிற சூளைக்குள்ள போட்ட மூண்டு பேர் ஒண்டும் ஆகாமல் வெளியில வந்தவை எண்டு சொல்லி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ.

ஆஸ்பத்திரி வேலை

எம்டிவ் செய்யிற எல்லாரும் வெளியில போய் வேலை பழகவேணும். நான் ஆஸ்பத்திரிச் சாப்ளினுக்குப் பழகினன். சாப்ளின் எண்டால் வருத்தக்காரரோட, சாகிற ஆக்களோட, அவையின்ர வீட்டுச் சனத்தோட இருக்கிற ஆள், எந்தச் சமயமா இருந்தாலும். அதுக்கு ஒரு பயிற்சி இருக்கு, ஒரு யூனிற் 400 மணித்தியாலம், நோயாளியைப் பாக்கிறது ஒரு பகுதி, பாத்ததை எழுதி குழுவில இருந்து கதைக்கிறது மற்றப் பகுதி. அந்த எழுத்துத்தான் கஷ்டம். நீ சொன்னது, அவர் சொன்னது, நீ ஏன் அந்த இடத்தில கதையை மாத்தினாய், உனக்கு என்ன பயம் எண்டு ஒவ்வொரு வரியாக் கேப்பினம்.

எனக்கு என்ன பிடிபட்டது எண்டால், யாராவது அழுதால் நான் உடன ஆறுதல் சொல்லுற ஆள். எங்கட ஊர்ப் பழக்கம் அது, "கடவுள் விட்ட வழி, அழாத". பயிற்சி தந்த அம்மா சொன்னவ, நீ அவருக்காகச் சொல்லேல்ல, அந்த அழுகையை உன்னால தாங்க ஏலாமல்தான் சொல்லுறாய் எண்டு. அது உண்மை. 2017 மாசி 20ல இருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமார் இருக்கத் தொடங்கேக்க நானும் ரெண்டொரு தரம் போனனான், போய் ஏதாவது ஆறுதல் சொல்லிப்போட்டு கெதியா எழும்பி வந்திடுவன். பயிற்சி முடிச்சு வந்தபிறகு போனன், ஒண்டும் சொல்லேல்ல, ஒரு அம்மா மகன்ர படத்தைத் துடைச்சுக்கொண்டிருந்தவ, பக்கத்தில இருந்தன், அவவாக் கதைக்கத் தொடங்கி பின்னேரம் மட்டும் கதைச்சவ. படத்துக்கு மாலை போடச்சொல்லி சொந்தக்காரர் சொல்லுகினமாம், மாலை போட்டால் தானே கொண்டுபோட்ட மாதிரியாம். நான் ஸ்ரேற்மென்டில எழுதின கேள்விக்கு இன்னும் என்னட்டப் பதில் இல்லை, ஆனா கேள்வியோட இருக்கப் பழகியிருக்கிறன்.

இந்த வேலைக்குப் போற பிள்ளையள் ஒண்டு கவனியுங்கோ. போர் பாத்த ஆக்களுக்கு ஆஸ்பத்திரி மணமே சிலநேரம் பழசைக் கிளறும். எனக்கு இரத்தம் பிரச்சினை இல்லை, ஹெலி சத்தம்தான், நோயாளியை ஹெலியில கொண்டு வந்து இறக்கேக்க கை நடுங்கும். யூனிவசிற்றியில மாணவருக்கு உளவள ஆலோசனை இருக்கு, பயிற்சி தொடங்க முதலே போய் ஒரு ஆளைப் பழகி வையுங்கோ. இது விசர் எண்டு நினைக்கிற நினைப்பை இங்கயே விட்டிட்டுப் போங்கோ.

பாடத் தெரிவைப் பற்றிக் கொஞ்சம். பாஷை ஒண்டு படிக்கவேணும், சமஸ்கிருதம், பாளி, அரபு, எபிரேயம், கிரேக்கம் எல்லாம் இருக்கு. நான் பாளி எடுத்தனான், ஏன் எண்டு மேல எழுதினதில விளங்கும். ஹார்வர்டின்ர மற்றப் பிரிவுகளிலயும் பாடம் எடுக்கலாம், பொஸ்டனைச் சுத்தி இருக்கிற மற்ற இறையியல் கல்லூரியளிலயும் எடுக்கலாம். வைட்னர் லைப்ரரியில தமிழ்ப் புத்தகம் கிடக்கிற தட்டுக்குப் போனால் வீட்டு நினைவு கொஞ்சம் குறையும்.

படிச்சு முடிச்சால் 12 மாசம் அங்க நிண்டு படிப்புச் சம்பந்தமான வேலை செய்யலாம். நிக்கிறவை நிக்கட்டும், அதில பிழையில்லை, வீட்டுக் கடன் இருக்கும். திரும்பி வாறவைக்கு ஒரு விசயம், இங்க சாப்ளின் எண்டு ஒரு பதவி வெளியில போட்டு ஆளெடுக்கிறேல்ல, பாடசாலை, முதியோர் இல்லம், உளநலப் பிரிவு, சமூக அமைப்பு எண்டு ஏதாவது ஒரு கதவால உள்ளுக்க போய்த்தான் இந்த வேலையைச் செய்யவேணும். நான் அப்பிடித்தான் செய்யிறன்.

கடைசியா நாள்க்கணக்கு. அப்ளிகேஷன் ஜனவரித் தொடக்கத்தில முடியும், பதில் மார்ச் மாசம் வரும், வகுப்பு ஓகஸ்ற் கடைசியில செப்டெம்பர் தொடக்கத்தில. அதில இருந்து பின்னோக்கி எண்ணுங்கோ: சேர்டிபிக்கற் அலுவல் யூனில, ஆங்கிலப் பரீட்சை செப்டெம்பருக்கு முன்னம், கடிதம் கேக்கிறது ஒக்ரோபரில, ஸ்ரேற்மென்ட் முதல் எழுத்து வைகாசிப் பொங்கல் முடிஞ்ச கையோட, கால் வலி ஆற முதலே. அந்தப் பஸ் ஸ்ராண்ட் தங்கச்சி இதை வாசிச்சால், எழுதினதைக் கொண்டுவாங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன். வேலைநாளில பின்னேரம் நாலரை முல்லைத்தீவு பஸ்ஸுக்கு அதே இடத்திலதான் நிப்பன்.